மோட்டார் புரோகிராம் செத்தால் எழுப்ப ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் போட்டேன், இப்போது ஒன்றுக்கு 23 ஓடுகிறது

மூன்றாம்மாடி:

வணக்கம். மடிப்பாக்கத்தில் 12 வீடு உள்ள ஃப்ளாட். தண்ணீர் விஷயம் என் தலையில் விழுந்து இரண்டு வருடம் ஆகிறது (அசோசியேஷன் மீட்டிங்குக்கு ஒரே ஒரு தடவை போகாமல் இருந்ததற்குத் தண்டனை). கீழே சம்ப், மொட்டை மாடியில் ஓவர்ஹெட் டேங்க். மோட்டார் ரூமில் ஒரு ராஸ்பெரி பை 3 (கையடக்க லினக்ஸ் கம்ப்யூட்டர்) வைத்திருக்கிறோம். டேங்கில் மட்டம் பார்க்கும் சென்சார், அங்கிருந்து ஆர்எஸ்485 வயர் (டேட்டாவை நீண்ட தூரம் கொண்டுபோவது) கீழே வந்து யூஎஸ்பி கன்வெர்ட்டர் வழியாகப் பையில் சேர்கிறது. மட்டம் குறைந்தால் ரிலே ஆன், நிரம்பினால் ஆஃப், அவ்வளவுதான் புரோகிராம். சி-யில் எழுதியது. பெயர் வாட்டர்லெவல்மானிட்டர், இடைவெளி இல்லாமல் ஒரே வார்த்தை. எழுதிக் கொடுத்த மச்சினன் பையனுக்கு வேலை கிடைத்துவிட்டது. போன் செய்தால் "மாமா, வீக்எண்ட் பாக்கறேன்" என்பான். எந்த வீக்எண்ட் என்று சொல்வதில்லை.

பிரச்சினை: வாரத்துக்கு ஐந்தாறு தடவை புரோகிராம் தானாகச் செத்துவிடுகிறது. போய் மறுபடி ஓட்டினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். ஆனால் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது செத்தால் ரிலே ஆனிலேயே நின்றுவிடுகிறது, டேங்க் நிரம்பி வழிகிறது. கோடையில் லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றுகிற சம்ப் இது, அதை மாடியிலிருந்து கீழே கொட்டவிட்டால் யாருக்குப் பொறுக்கும்.

அதனால் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் (கமாண்டுகளை வரிசையாக எழுதிய ஃபைல்) எழுதி க்ரானில் (குறித்த நேரத்தில் கமாண்டைத் தானாக ஓட்டும் வசதி) நிமிடத்துக்கு ஒரு தடவை ஓடும்படி வைத்தேன். போனில் தமிழ் கீபோர்டில் அடிப்பதால் கமாண்டையும் தமிழிலேயே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பிகிரெப் (ஓடும் புரோகிராமைப் பெயரால் தேடும் கமாண்ட்) வாட்டர்லெவல்மானிட்டர், அதன் அவுட்புட், எர்ரர் இரண்டும் டெவ் நல்லுக்கு (போட்டதெல்லாம் காணாமல் போகும் குப்பைத்தொட்டி). எதுவும் கிடைக்காவிட்டால் புரோகிராமை ஆம்பர்சாண்ட் போட்டுப் பின்னணியில் ஓட்டு. அவ்வளவே.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை கரண்ட் போய் 5.17-க்கு வந்தது. 5.40-க்கு வாட்ச்மேன் போன் செய்தார், மோட்டார் ரூமில் "டக்கு டக்குன்னு சத்தம் கேக்குது சார்" என்று. போய்ப் பார்த்தால் கான்டாக்டர் (ரிலே சொல்கிறபடி மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் பெரிய சுவிட்ச்) தையல் மிஷின் மாதிரி அடித்துக்கொண்டிருக்கிறது, மேலே ஓவர்ஃப்ளோ பைப்பிலிருந்து ஸ்கூட்டர்கள் மேல் தண்ணீர் ஊற்றுகிறது. உள்ளே பார்த்தால் அதே புரோகிராம் 23 தடவை ஓடிக்கொண்டிருக்கிறது. எதனால்?

ரூட்டுதல:

தலைவா, 2015-ல் டெபியன் 8 (ஒரு லினக்ஸ் வகை) வந்ததிலிருந்தே சிஸ்டம்டி (புரோகிராம்களைத் தொடங்கிக் கண்காணிக்கும் மேஸ்திரி) உள்ளே இருக்கிறது. பையில் ஓடுவதும் டெபியன் வழிதான். பத்து வரியில் ஒரு சர்வீஸ் ஃபைல், அதில் ரீஸ்டார்ட் ஆல்வேஸ், கதை முடிந்தது. க்ரானை வைத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்ப்பது எல்லாம் வேண்டாத வேலை.

மூன்றாம்மாடி:

சரி, அதையும் செய்கிறேன். ஆனால் 23 எப்படி வந்தது என்று தெரியாமல் அடுத்ததுக்குப் போனால் அங்கேயும் இதே கூத்தைத்தான் அடிப்பேன். ஸ்கிரிப்ட் ஆறு வரி, தப்பு எங்கே என்று எனக்குத் தெரியவே இல்லை.

பழைய_யூனிக்ஸ்:

5.17-லிருந்து 5.40 வரை 23 நிமிடம். நிமிடத்துக்கு ஒன்று. அதாவது உங்கள் பிகிரெப் ஒரு தடவைகூட அந்தப் புரோகிராமைக் கண்டுபிடிக்கவில்லை, முதல் நிமிடத்திலிருந்தே.

காரணம் பெயர். லினக்ஸ் கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) ஒவ்வொரு ப்ராசஸுக்கும், அதாவது ஓடும் ஒவ்வொரு புரோகிராமுக்கும், ஒரு சின்னப் பெயரைத் தனியாக வைத்துக்கொள்ளும். அதற்கு ஒதுக்கிய இடம் 16 பைட், கடைசியில் வரும் பூஜ்ஜியம் போக 15 எழுத்து. உங்கள் புரோகிராம் பெயரை ஆங்கிலத்தில் எண்ணிப் பாருங்கள், 17 வரும். ஆக கெர்னலிடம் இருப்பது கடைசி இரண்டு எழுத்து வெட்டுப்பட்ட பெயர். பிகிரெப் சும்மா கூப்பிட்டால் அந்த வெட்டுப்பட்ட பெயரில்தான் தேடும், நீங்கள் கொடுத்தது முழுப்பெயர், எந்தக் காலத்திலும் பொருந்தாது. வேடிக்கை என்னவென்றால் பிகிரெப்பே இதைச் சொல்லும், 15 எழுத்துக்கு மேல் பெயர் கொடுத்தால் ஒன்றும் கிடைக்காது, எஃப் ஆப்ஷன் போட்டுப் பார் என்று ஒரு எச்சரிக்கை அடிக்கும். அதைத்தான் நீங்கள் டெவ் நல்லுக்கு அனுப்பிவிட்டீர்கள். டெர்மினலில் அந்த ஒரு வரியை மட்டும் கையால் அடித்துப் பாருங்கள், வரும்.

அடுத்தது, 23 ப்ராசஸும் ஒரே சீரியல் போர்ட்டை (சென்சார் டேட்டா உள்ளே வரும் வாசல்) திறந்து வைத்திருக்கின்றன. லினக்ஸ் அதைத் தடுக்காது. வருகிற பைட்டுகளை யார் முதலில் படிக்கிறார்களோ அவர்களுக்குத்தான், மற்றவர்களுக்குக் கிடையாது. கல்யாணப் பந்தியில் ஒரே இலையில் 23 பேர் கை வைத்த மாதிரி. ஒருவனுக்கு எண்ணின் முன்பாதி, இன்னொருவனுக்குப் பின்பாதி. ஒருவன் டேங்க் காலி என்று ரிலேயை ஆன் செய்வான், அடுத்தவன் நிரம்பிவிட்டது என்று ஆஃப் செய்வான். நீங்கள் கேட்ட டக்கு டக்கு அதுதான்.

சரி, எஃப் ஆப்ஷன் போட்டால் போதுமா என்று கேட்பீர்கள். அது முழுக் கமாண்ட் வரியிலும் தேடும், அதனால் வேறு வம்பு வரும். அந்த ஃபைலை நீங்கள் நானோவில் திறந்து வைத்திருந்தால் அதுவும் "ஓடுகிறது" என்ற கணக்கில் சேரும். பிஎஸ் (ஓடுபவற்றின் பட்டியல்) எடுத்து கிரெப் (வார்த்தை தேடும் கமாண்ட்) போடுகிறவர்களுக்கு கிரெப் தன்னையே கண்டுபிடித்துக்கொள்ளும், அது ஊரறிந்த கதை. பிஐடியை (ப்ராசஸின் எண்) ஒரு ஃபைலில் எழுதிவைத்து கில் பூஜ்ஜியம் போட்டு உயிர் இருக்கிறதா என்று பார்க்கலாம். ஆனால் கரண்ட் போய் வந்தால் பழைய ஃபைல் அப்படியே இருக்கும், அந்த எண் இப்போது வேறு ஏதோ ப்ராசஸுக்குப் போயிருக்கும். வைப்பதென்றால் ரன் டைரக்டரிக்குள் வையுங்கள், அது மெமரியில் இருப்பதால் ரீபூட்டில் தானாகக் காலியாகும்.

எனக்கு இந்தத் தேடல் வேலையே பிடிக்காது. ஓட்டுகிறவனே பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தால் தேட வேண்டிய அவசியமே வராது. யூனிக்ஸில் குழந்தை ப்ராசஸ் செத்தால் பெற்றவனுக்குத்தான் சேதி போகும், நிமிடம் நிமிடமாகப் பார்க்க வேண்டாம், அந்த நொடியே தெரியும். அந்தக் காலத்தில் இனிட்டேப் ஃபைலில் ரெஸ்பான் என்று ஒரு வார்த்தை போட்டால் இனிட் என்ற முதல் ப்ராசஸே இதைச் செய்யும்.

ஷெல்லில் அதற்கு அன்டில் போதும். அன்டில் என்று எழுதி, பக்கத்தில் புரோகிராமின் முழுப் பாதை, கடைசியில் ஆம்பர்சாண்ட் வேண்டாம். டூ. உள்ளே முதல் வரியில் தேதியையும் டாலர் கேள்விக்குறியையும் (கடைசியாக ஓடிய கமாண்ட் முடியும்போது விட்டுச்செல்லும் எண்) லாகில் எழுதுங்கள். டாலர் கேள்விக்குறியை அந்த முதல் வரியிலேயே பிடிக்க வேண்டும், நடுவில் வேறு கமாண்ட் ஓடிவிட்டால் அதில் அந்தக் கமாண்டின் எண்தான் இருக்கும். அடுத்த வரி ஸ்லீப் 5. டன். புரோகிராம் ஒழுங்காக முடிந்து பூஜ்ஜியம் கொடுத்தால் லூப்பும் முடியும், வேறு எந்த எண்ணோடு செத்தாலும் 5 செகண்டில் திரும்ப எழும். ஸ்லீப்பை விட்டுவிடாதீர்கள். யூஎஸ்பி கன்வெர்ட்டர் கழன்று புரோகிராம் தொடங்கியதுமே சாகிறது என்று வையுங்கள், ஸ்லீப் இல்லாவிட்டால் செகண்டுக்கு நூறு தடவை செத்துப் பிழைத்து, எஸ்டி கார்டு முழுக்க லாகாகிவிடும்.

ஒரு பொறி இருக்கிறது. லூப் ஸ்கிரிப்டை மட்டும் கில் செய்தால் உள்ளே ஓடும் புரோகிராம் சாகாது, அநாதையாக ஓடிக்கொண்டே இருக்கும். அது தெரியாமல் ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டினால் மீண்டும் இரண்டு. அதனால் ஸ்கிரிப்டை ஃப்ளாக் (எஃப்-எல்-ஓ-சி-கே, பூட்டுப் போடும் கமாண்ட்) மூலமாக, ஆங்கில எழுத்து 'என்' ஆப்ஷனோடு ஓட்டுங்கள், பூட்டு ஏற்கெனவே இருந்தால் காத்திருக்காமல் விலகிவிடும். பூட்டை வைத்திருப்பது ப்ராசஸ், ஸ்கிரிப்டும் அதற்குள் ஓடும் புரோகிராமும் சேர்ந்தே, எல்லாம் செத்த பிறகு கெர்னலே பூட்டைத் திறந்துவிடும், பழைய பூட்டு தங்கிவிட்டது என்ற பேச்சே இல்லை.

அம்பத்தூர்_பேனல்போர்டு:

நான் எஸ்டேட்டில் பேனல் போர்டு கட்டுகிறவன், ஷெல் கில் எல்லாம் அரைகுறை. ஆனால் படிக்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. மோட்டாரை நிறுத்துவதற்கு இந்தப் புரோகிராமைத் தவிர வேறு வழியே இல்லையா? டேங்க் மேல்மட்டத்தில் ஒரு ஃப்ளோட் சுவிட்ச் போட்டு, அதைக் கான்டாக்டர் காயிலோடு சீரீஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) கொண்டுவாருங்கள். தண்ணீர் அந்த மட்டத்துக்கு வந்தால் காயிலுக்குக் கரண்ட் கிடையாது, பை உயிரோடு இருந்தாலும் செத்தாலும் 23 ஆக ஓடினாலும் மோட்டார் நிற்கும். அதை முதலில் செய்துவிட்டு அப்புறம் ஸ்கிரிப்ட் எழுதுங்கள்.

இன்னொரு கேள்வி. ஆர்எஸ்485 வயர் எந்த வழியாகக் கீழே வருகிறது? மோட்டார் கேபிள் போகும் பைப்பிலேயே இழுத்திருக்கிறார்களா?

மூன்றாம்மாடி:

அதே பைப்தான். எலக்ட்ரீஷியன் "இதுலயே எடம் இருக்கு சார்" என்று அதிலேயே இழுத்துவிட்டார். ஏன்?

அம்பத்தூர்_பேனல்போர்டு:

லாகைப் போடுங்கள், சொல்கிறேன்.

ரூட்டுதல:

முதலில் வேகமாகப் பதில் போட்டுவிட்டேன், பழையவர் எழுதியதைப் படித்த பிறகு இரண்டு விஷயம் சேர்க்கிறேன், ரீஸ்டார்ட் ஆல்வேஸ் என்று மட்டும் போட்டு விட்டால் சிஸ்டம்டியும் காலை வாரும். செத்ததும் எழுப்புவதற்கு முன் அது காத்திருப்பது இயல்பாக 100 மில்லி செகண்ட்தான். அதோடு 10 செகண்டுக்குள் 5 தடவைக்கு மேல் தொடங்க நேர்ந்தால் ஃபெயில்டு என்று போட்டுவிட்டுக் கையைக் கழுவிவிடும், பிறகு நீங்களாக எழுப்பும்வரை எழாது. கன்வெர்ட்டர் ஒரு நிமிடம் கழன்று மாட்டினாலே போதும், முதல் செகண்டிலேயே 5 தடவை செத்து அதோடு சரி. ரீஸ்டார்ட் செக் (செகண்டின் சுருக்கம்) என்பதை 5 என்று வையுங்கள், அப்போது 10 செகண்டில் இரண்டு மூன்று தடவைக்கு மேல் போகாது, எத்தனை மணி நேரமானாலும் முயன்றுகொண்டே இருக்கும்.

இரண்டாவது, எக்செக் ஸ்டாப் போஸ்ட் என்று ஒரு வரி உண்டு. சர்வீஸ் ஒழுங்காக நின்றாலும் சரி, கிராஷ் ஆனாலும் சரி, அதற்குப் பிறகு அந்த வரியில் இருப்பது ஓடும், அப்புறம்தான் ரீஸ்டார்ட். அதில் ரிலேயை ஆஃப் செய்யும் கமாண்டைப் போடுங்கள். புரோகிராம் செத்த மறுநொடி மோட்டார் நிற்கும். பழையவரின் லூப்பிலும் ஸ்லீப்புக்கு முன்னால் அதே வரியைப் போடலாம். அநாதைப் பிரச்சினையும் இங்கே இல்லை, சர்வீஸை நிறுத்தினால் அதற்குள் பிறந்த எல்லாவற்றையும் சேர்த்தே நிறுத்தும்.

மூன்றாம்மாடி (ஒரு வாரம் கழித்து):

அன்டில் லூப் போட்டு ஒரு வாரம் ஓடவிட்டேன், சிஸ்டம்டி அடுத்து. ரிலே ஆஃப் வரியைச் சேர்த்ததிலிருந்து ஒரு சொட்டு வழியவில்லை. வாட்ச்மேன் முகத்தில் இப்போதுதான் சிரிப்பைப் பார்க்கிறேன்.

லாக் விஷயம். 6 தடவை செத்திருக்கிறது, ஆறிலும் எண் 139. ஆறிலும் அதற்கு மேல் வரி "மோட்டார் ஆன்" என்பதுதான், ஒரு செகண்ட் இடைவெளி. ஒன்றில் மட்டும் நேரம் குழப்பமாக இருக்கிறது, காலையில் நடந்ததற்கு முந்தின நாள் ராத்திரி நேரம் போட்டிருக்கிறது.

அப்புறம் வெள்ளிக்கிழமை வேறொன்று. டேங்க் காலி, மூன்றாம் மாடி வரை குழாயில் காற்று, ஆனால் புரோகிராம் ஓடுகிறது என்றே காட்டுகிறது. லாகில் ஒன்றும் இல்லை. கையால் கொன்று எழுப்பியும் பயனில்லை. மாடிக்கு ஏறிப் பார்த்தால் சென்சார் கனெக்டர் கழன்றிருந்தது (குரங்கு இல்லை, டிஷ் ஆன்டெனா மாட்ட வந்தவர் மிதித்திருக்கிறார்).

பழைய_யூனிக்ஸ்:

நேரக் குழப்பத்துக்கு முதலில் பதில்: பை 3-ல் பேட்டரி போட்ட கடிகாரம் கிடையாது. கரண்ட் போய் வந்ததும் கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கும், நெட் கிடைத்த பிறகுதான் சரியாகும். கரண்ட் வந்த முதல் சில நிமிட லாகை நம்பாதீர்கள்.

139 என்றால் 128 கூட்டல் 11. சிக்னலால் செத்தால் ஷெல் 128-ஐக் கூட்டிச் சொல்லும், 11 என்பது செக்மென்டேஷன் ஃபால்ட், தொடக்கூடாத மெமரியைத் தொட்டிருக்கிறது. 137 வந்திருந்தால் 9, யாரோ கில் செய்திருக்கிறார்கள், பெரும்பாலும் மெமரி போதாமல் கெர்னலே கொன்றிருக்கும். உங்களுடையது அது இல்லை, கோடில் உள்ள ஓட்டை. சென்சார் அனுப்பும் வரி எப்படி இருக்கும்? அதைப் படிக்கும் ஃபங்ஷனை மட்டும் போடுங்கள்.

அம்பத்தூர்_பேனல்போர்டு:

ஆறு தடவையும் மோட்டார் ஆன் ஆன ஒரு செகண்டில்! அதற்குத்தான் பைப்பைப் பற்றிக் கேட்டேன். மோட்டார் தொடங்கும்போது இழுக்கும் கரண்ட் ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு. அது பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு போகும் சிக்னல் வயரில் ஏறும், அந்த நேரத்தில் வரும் டேட்டா கெட்டுப்போகும். வயரைத் தனிப் பைப்பில் இழுங்கள், ஷீல்டு உள்ள முறுக்கு வயராக இருக்கட்டும். கான்டாக்டர் காயிலுக்குக் குறுக்கே ஒரு ஆர்சி ஸ்னப்பரும் (காயில் கிளப்பும் மின் இரைச்சலை அடக்கும் சின்ன உதிரி) போடுங்கள், ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

மூன்றாம்மாடி:

கோடைப் பார்த்தேன். சென்சார் ஒவ்வொரு செகண்டும் ஒரு வரி அனுப்புகிறது, முதலில் சென்சார் எண், கமா, பிறகு சென்டிமீட்டர். புரோகிராம் ஸ்டிரிங்கில் கமாவைத் தேடி, கிடைத்த இடத்துக்கு அடுத்ததை அப்படியே எண்ணாக மாற்றுகிறது. நடுவில் எந்த இஃப்பும் இல்லை.

பழைய_யூனிக்ஸ்:

அதேதான். வரி கெட்டுப்போய் வந்தால் கமா இருக்காது. கமா இல்லையென்றால் தேடிய ஃபங்ஷன் நல் (ஒன்றுமில்லை என்று சொல்லும் வெற்று முகவரி) கொடுக்கும், நல்லுக்கு அடுத்த முகவரியில் போய்ப் படித்தால் 139. ஒரு இஃப் போடுங்கள், கமா இல்லாவிட்டால் அந்த வரியைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததுக்குக் காத்திரு. அதோடு டேங்க் ஆழத்துக்கு மேல் உள்ள எண்ணையும் நம்பாதே. வரி கெட்டாலும் கமா தப்பிப் பிழைத்து 40 என்பது 940 ஆகி வரலாம், அது கிராஷைவிட மோசம்.

வெள்ளிக்கிழமை நடந்தது வேறு ஜாதி. அங்கே புரோகிராம் சாகவில்லை, தொங்கிவிட்டது. சீரியல் போர்ட்டில் ரீட் போட்டால், டைம்அவுட் சொல்லாதவரை, ஒரு பைட் வரும்வரை காத்திருக்கும், ஒரு வருடம் ஆனாலும். அன்டில் லூப், சிஸ்டம்டி எல்லாருக்கும் அது நலமாக ஓடும் ப்ராசஸ். முதல் வைத்தியம் அந்த ரீடுக்கு ஒரு டைம்அவுட், 10 செகண்ட் எதுவும் வராவிட்டால் ரிலேயை ஆஃப் செய்துவிட்டுப் பூஜ்ஜியம் அல்லாத எண்ணோடு வெளியேறு. எழுப்புவதற்குத்தான் ஆள் இருக்கிறதே. கழன்ற வயரை எந்த ஸ்கிரிப்டும் மாட்டாது, ஆனால் லாகில் 5 செகண்டுக்கு ஒரு வரியோ 15 செகண்டுக்கு ஒரு வரியோ விழும்போது உங்களுக்கு விஷயம் தெரிந்துவிடும், மாடிவீட்டுக்காரர் வந்து கத்துவதற்கு முன்னால்.

கோடைத் தொட பயமாக இருந்தால் வெளியிலிருந்தும் செய்யலாம். ஒவ்வொரு நல்ல அளவு வந்ததும் ரன் டைரக்டரியில் ஒரு ஃபைலைப் புரோகிராம் தொட்டுவைக்கட்டும். க்ரான் நிமிடத்துக்கு ஒரு தடவை அந்த ஃபைலின் வயதைப் பார்க்கட்டும், இரண்டு நிமிடத்துக்கு மேல் பழையது என்றால் புரோகிராமைக் கில் செய்யட்டும். உங்கள் க்ரான் ஸ்கிரிப்டுக்கு இப்படியாவது ஒரு வேலை கிடைத்தது.

ரூட்டுதல:

சிஸ்டம்டியில் அதற்கே வாட்ச்டாக் செக் இருக்கிறது. புரோகிராம் குறிப்பிட்ட நேரத்துக்குள் "இருக்கிறேன்" என்று சேதி அனுப்ப வேண்டும், அனுப்பாவிட்டால் கொன்று எழுப்பும். சேதியை நல்ல அளவு வந்த இடத்தில் அனுப்புங்கள், தனியாக டைமர் வைத்து அனுப்பினால் அர்த்தமே போய்விடும். பையே மொத்தமாக உறைந்துபோனால் அதற்கும் சிப்புக்குள் ஒரு வாட்ச்டாக் உண்டு, கிட்டத்தட்ட 15 செகண்ட் வரை வைக்கலாம். உறைந்தால் ரீபூட் ஆகிவிடும்.

மூன்றாம்மாடி:

இஃப் போட்டாயிற்று, டைம்அவுட் போட்டாயிற்று, நேற்றிலிருந்து சிஸ்டம்டியில் ஓடுகிறது. இரண்டு நாளில் கெட்ட வரி 4 வந்து தூக்கிப் போட்டிருக்கிறது, நான்கும் மோட்டார் ஆன் ஆன நேரத்தில்தான், 139 ஒன்றுகூட இல்லை. ஃப்ளோட் சுவிட்ச் மாட்டி, கையால் தூக்கிப் பார்த்தேன், கான்டாக்டர் விட்டது. தனிப் பைப் இழுக்க எலக்ட்ரீஷியன் வியாழக்கிழமை வருகிறேன் என்றார். இவரும் எந்த வியாழக்கிழமை என்று சொல்லவில்லை.

ரூட்டுதல:

புரோகிராம் பெயரை மாற்றினீர்களா இல்லையா?

மூன்றாம்மாடி:

தண்ணி. ஆங்கிலத்தில் 6 எழுத்து.